உலாவியில் நின்றுபோன கோப்புப் பரிமாற்றம்: பழைய பதிப்புக்குத் திரும்புவது தீர்வாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் வெளியான ஒரு கடிதத்தில், உலாவியை (குரோம், ஃபயர்பாக்ஸ் போன்றவற்றை) புதுப்பித்த பிறகு, கோப்புகளை இணையம் வழியாக அனுப்பவும் எடுக்கவும் உதவும் பழைய முறையான எஃப்டிபியின் முகவரிகள் திறக்க மறுக்கின்றன என்றும், உலாவியை நீக்கிவிட்டுப் பழைய பதிப்பை நிறுவி, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியையும் நிறுத்தி வைத்தால் எல்லாம் முன்போல் வேலை செய்யும் என்றும் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் முற்றிலும் நியாயமானது. ஆனால் அவர் காட்டும் வழியில் இன்னும் நான்கு பேர் போய்விடக் கூடாதே என்ற கவலையில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

பெங்களூரில் ஸ்ரீராமபுரம், காட்டன்பேட்டை, சுல்தான்பேட்டை, அவென்யூ சாலைப் பக்கங்களில் சிறிய டிடிபி (கணினியில் பக்கம் வடிவமைக்கும்) கடை வைத்துப் பிழைக்கும் தமிழர்களுக்கு இந்த விஷயம் அன்றாடப் பிழைப்போடு சம்பந்தப்பட்டது. கும்பாபிஷேகப் பத்திரிகை, சங்கங்களின் ஆண்டு மலர், கடைகளுக்கான நாட்காட்டி போன்றவற்றை இங்கே வடிவமைத்து, படிகள் அதிகம் தேவைப்பட்டால் அச்சுக்குச் சிவகாசிக்கு அனுப்புவது எங்களில் பலருக்கு வழக்கம். எழுத்துருக்களை உள்ளே பொதிந்து, வெட்டுவதற்காக நாலாபுறமும் 3 மி.மீ. கூடுதலாக விட்டு, நான்கு வண்ணத்துக்குப் பிரித்துத் தயாரித்த ஒரு விழா மலரின் பிடிஎஃப் கோப்பு சில நூறு எம்பியைத் தாண்டுவது சாதாரணம். ஜிமெயிலில் இணைத்து அனுப்பக்கூடியது 25 எம்பிதான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கி, நசுக்கி அனுப்பிவிடும். ஆகவே அச்சகத்தார் ஒரு எஃப்டிபி முகவரியும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுப்பார்கள். முன்பெல்லாம் நாங்கள் அதை உலாவியிலேயே திறந்து கோப்பைப் போட்டுவிடுவோம், அவர்கள் திருத்தப்படி வைத்திருந்தால் அங்கிருந்தே எடுத்துக்கொள்வோம்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும், ஏனென்றால் அன்பரின் கடிதத்தில் இரண்டு வேறு இழப்புகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. குரோமும் ஃபயர்பாக்ஸும் தாமாகச் செய்துகொடுத்தது, எஃப்டிபி சர்வரில் உள்ள கோப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டுவதும் பதிவிறக்குவதும் மட்டுமே. கோப்பை மேலே ஏற்றும் வசதியை ஃபயர்பாக்ஸுக்குக் கொடுத்தது ஃபயர்எஃப்டிபி என்ற நீட்சி, அதாவது உலாவியோடு சேர்த்து நிறுவும் கூடுதல் மென்பொருள். உலாவியின் ஒரு தாவலிலேயே இடது பக்கம் நம் கணினி, வலது பக்கம் சர்வர் என்று பிரித்துக் காட்டிய அந்த நீட்சி, 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்பு வந்து பழைய வகை நீட்சிகள் அனைத்தையும் ஒரே நாளில் செயலிழக்கச் செய்தபோதே போய்விட்டது. இரண்டாவது இழப்பு 2021-இல் நேர்ந்தது. குரோம் ஜனவரியில் வந்த 88-ஆம் பதிப்பில் எஃப்டிபியை முடக்கி, அக்டோபரில் வந்த 95-ஆம் பதிப்பில் அதன் நிரலையே எடுத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் ஏப்ரலில் தன்னுடைய 88-ஆம் பதிப்பில் முடக்கி, ஜூலையில் 90-ஆம் பதிப்பில் அடியோடு நீக்கியது. மேலேற்றம் போனது ஒரு காலத்தில், பதிவிறக்கம் போனது வேறொரு காலத்தில். பழைய பதிப்பை நிறுவுபவர் எந்த ஆண்டுக்குத் திரும்பிப் போகிறார் என்பதைப் பொறுத்து அவருக்குக் கிடைப்பது பாதியாகவும் இருக்கலாம், முழுதாகவும் இருக்கலாம். மேலேற்றமும் வேண்டுமென்றால் 2017 நவம்பருக்கு முந்தைய உலாவியைத்தான் அவர் நிறுவியாக வேண்டும். அத்தனை பழைய உலாவியில் இன்றைக்கு வங்கியின் தளத்தைத் திறப்பதை நினைத்தாலே எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

புதிய நீட்சி ஒன்றை யாராவது எழுதித் தரமாட்டார்களா என்றும் அன்பர் கேட்டிருந்தார். இப்போதைய உலாவிகளில் அதற்கு வழியில்லை. எஃப்டிபி பேசுவதற்கு நீட்சியானது வலையமைப்பின் அடிமட்டத் தொடர்பைத் தானே திறந்து பேச வேண்டும். அந்த அனுமதியை இன்றைய நீட்சிகளுக்குக் குரோமும் தருவதில்லை, ஃபயர்பாக்ஸும் தருவதில்லை. எழுதுவதற்கு ஆள் கிடைக்காததால் வந்த குறை அல்ல இது, வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கிறார்கள்.

ஏன் பூட்டினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஃப்டிபியின் முதல் வரையறையை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண் என்ற இந்தியர். கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்காவின் எம்ஐடிக்குச் சென்றவர். (பெங்களூரில் கணினித் துறையில் இத்தனை ஆயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள், இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களை நான் சந்தித்தது மிகக் குறைவு.) ஒருவரையொருவர் அறிந்த சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டுமே வலையமைப்பில் இருந்த காலம் அது. எனவே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கோப்பும் மறைக்கப்படாமல், தபால் அட்டையில் எழுதியதைப் போல வழியெங்கும் படிக்கும்படியாகவே சென்றன. இன்று பயன்பாட்டில் உள்ள வரையறை 1985-இல் வெளிவந்தது. அதிலும் இந்த நிலை மாறவில்லை. மறையாக்கத்தை (நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புவதை) எஃப்டிபியோடு சேர்க்கும் முறைகள் பின்னர் வந்தன என்றாலும், குரோமோ ஃபயர்பாக்ஸோ அவற்றை ஒருபோதும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே காபிக் கடையின் வைஃபையில் உட்கார்ந்து உலாவி வழியாக அச்சகத்தின் சர்வருக்குள் நுழைந்தவரின் கடவுச்சொல்லை, அதே வைஃபையில் இருந்த யாரும் எளிய கருவி ஒன்றைக் கொண்டு படித்திருக்க முடியும். முகவரிக்குள்ளேயே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சேர்த்து எழுதி, அதைப் புக்மார்க் செய்து வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் சர்வ சாதாரணமாக இருந்தது. கடையில் அந்தக் கணினியின் முன் அமர்ந்தவர்கள் எல்லோருக்கும் அது திறந்த வீடுதான்.

எனவே எடுத்தது தவறு என்று நான் வாதாட மாட்டேன். எடுத்த விதத்தில்தான் எனக்கு மனத்தாங்கல் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், பழைய பதிப்புக்குத் திரும்பும் யோசனையைப் பற்றி.

உலாவியின் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் புதிய வசதிகளை விடப் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களே முக்கியமானவை. எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்பது பிறகு பகிரங்கமாக வெளியிடப்படுகிறது. ஆகவே பழைய பதிப்பில் தங்கிவிட்டவரின் கணினியில் எந்தெந்தச் சன்னல் திறந்திருக்கிறது என்பது ஊரறிந்த செய்தியாகிவிடும். இது போக நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் 2019 மே மாதம் வந்த 67-ஆம் பதிப்பு முதல், புதிய பதிப்பு பயன்படுத்திய பயனர் விவரங்களைப் பழைய பதிப்பு திறக்காது. புதிதாக ஒன்றைத் தொடங்கச் சொல்லும். புக்மார்க்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் அழிந்துவிட்டன என்று பதறிப்போய், இருந்ததையும் நீக்கிவிடுகிறவர்கள் உண்டு. அவை அழிவதில்லை, பழைய இடத்தில் அப்படியே இருக்கும். புதிய பதிப்பை மறுபடி நிறுவி, முந்தைய விவரத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தால் திரும்பி வரும். அன்பரின் யோசனையை ஏற்கெனவே முயன்று பார்த்தவர்கள் இதை நினைவில் கொள்ளட்டும்.

எங்கள் தொழிலில் பழைய கணினியை விடமுடியாத நிலை வேறு இருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் அடித்து, பேஜ்மேக்கரில் பக்கம் கட்டிய கோப்புகள் பத்து, பதினைந்து ஆண்டுகளாகக் குவிந்திருக்கின்றன. அவற்றைத் திறப்பதற்காகவே விண்டோஸ் 7 கணினி ஒன்றைப் பல கடைகளில் வைத்திருக்கிறார்கள். அந்த விண்டோஸில் இயங்கக்கூடிய கடைசி குரோம் 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்பு. அந்தக் கணினி பக்கம் கட்ட மட்டும் இருக்கட்டும். கோப்பைப் பென்டிரைவில் எடுத்து, புதுப்பிக்கப்பட்ட வேறொரு கணினியிலிருந்து அனுப்புவதே முறை.

சரி, இழந்த வசதியை எப்படித் திரும்பப் பெறுவது? பலருக்குத் தெரியாத எளிய வழி ஒன்று விண்டோஸிலேயே இருக்கிறது. உலாவியில் தட்டச்சு செய்த அதே எஃப்டிபி முகவரியை, நம் கோப்புறைகளைத் திறக்கும் ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் இட்டு என்டர் தட்டினால், பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டுவிட்டு, சர்வரில் உள்ளவை ஒரு சாதாரணக் கோப்புறை போலத் திறக்கும். இழுத்துப் போடலாம், எடுக்கலாம். ஆனால் இதிலும் மறையாக்கம் இல்லை என்பதால், முன்பு சொன்ன ஆபத்து அப்படியே இருக்கிறது. அவசரத்துக்கு மட்டும் கையாளலாம்.

நிலையான வழி, இதற்கென்றே உள்ள மென்பொருளைப் பயன்படுத்துவது. ஃபைல்ஸில்லா, வின்எஸ்சிபி இரண்டும் காசில்லாமல் கிடைப்பவை. ஃபயர்எஃப்டிபிக்குப் பழகியவர்களுக்கு ஃபைல்ஸில்லா அந்நியமாகத் தோன்றாது: இடப்பக்கம் நம் கணினி, வலப்பக்கம் சர்வர், மேலே முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், போர்ட் எண் (சர்வரின் எந்த வாசலில் நுழைவது என்பதைக் குறிக்கும் எண்) ஆகியவற்றுக்கு நான்கு கட்டங்கள், அடியில் போய்க்கொண்டிருக்கும் கோப்புகளின் வரிசை. நடுவில் மின்சாரம் போனாலும் இணைப்பு அறுந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லலாம். உலாவியில் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. போர்ட் கட்டத்தில் 22 என்று இட்டால் அது எஸ்எஃப்டிபி என்ற, முழுக்க மறையாக்கம் செய்யப்பட்ட முறையில் பேச முயலும். அச்சகத்தின் சர்வர் அதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். முதல் தடவை இணையும்போது, இந்தச் சர்வரின் கைரேகை இது, நம்பலாமா என்று ஒரு நீண்ட எழுத்து வரிசையைக் காட்டும். அதைப் படிக்காமல் சரி என்று அழுத்தாமல், அச்சகத்தாரிடம் தொலைபேசியில் ஒருமுறை ஒத்துப்பார்த்துக்கொள்வது நல்லது. அதே கேள்வி பின்னொரு நாள் மறுபடி வந்தால், ஒன்று அவர்கள் சர்வரை மாற்றியிருக்க வேண்டும், அல்லது நடுவில் யாரோ புகுந்திருக்க வேண்டும்.

கடையில் பலர் புழங்கும் கணினி என்றால், ஃபைல்ஸில்லாவின் அமைப்புகளில் முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை வைத்துவிடுங்கள். வைக்காவிட்டால், சேமித்த சர்வர் கடவுச்சொற்களை அது யாரும் எடுத்துவிடக்கூடிய வடிவில் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். நிறுவும்போது வேறு ஏதாவது மென்பொருளையும் சேர்த்து நிறுவட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுங்கள். இதே பெயரில் போலிகள் உலவியது உண்டு. வலைப்பக்கத்தில் உள்ள எஃப்டிபி இணைப்பைச் சொடுக்கியவுடன் திறக்க வேண்டும் என்ற பழைய சௌகரியமே வேண்டுமென்றால், வின்எஸ்சிபியின் அமைப்புகளில் அத்தகைய முகவரிகளை அதுவே கையாளும்படி பதிவு செய்துகொள்ள வழியுண்டு. அதன்பின் உலாவி அந்த இணைப்பை வின்எஸ்சிபியிடம் ஒப்படைத்துவிடும். அன்பர் இழந்ததற்கு மிக நெருக்கமாக வருவது இதுதான்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ‘மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ்’ என்று அழகாகப் பெயரிட்டு அனுப்பிய கோப்பு, சில பழைய எஃப்டிபி சர்வர்களில் வெறும் கேள்விக்குறிகளாகவோ புரியாத எழுத்துகளாகவோ போய் நிற்கும். பழைய வரையறை ஆங்கில எழுத்துகளை மட்டுமே மனத்தில் கொண்டது. பிற மொழிப் பெயர்களுக்கான ஏற்பாடு 1999-இல்தான் வந்தது, எல்லாச் சர்வர்களும் அதைப் பின்பற்றுவதில்லை. ஃபைல்ஸில்லாவில் ஒவ்வொரு சர்வருக்கும் யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடம் தரும் குறியீட்டு முறை) என்று கட்டாயப்படுத்தும் தேர்வு இருக்கிறது. சர்வர் ஒத்துழைத்தால் பெயர் சரியாக வரும். ஒத்துழைக்காவிட்டால், தமிழ் மீதுள்ள பற்றைக் கோப்பின் உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே ஆங்கில எழுத்தில் பெயரிடுவதே பிழைக்கும் வழி.

விண்டோஸின் கறுப்புத் திரையில் கட்டளை எழுதி அனுப்பத் தெரிந்தவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே உள்ள எஃப்டிபி நிரல், வேறு எதுவும் சொல்லாவிட்டால் எல்லாக் கோப்பையும் வெறும் எழுத்துக் கோப்பாகக் கருதி, வரி முடிவுகளை மாற்றி அனுப்பும். டிஃப் படமோ பிடிஎஃபோ இப்படிப் போனால், அங்கே சேரும் கோப்பின் அளவு சற்று மாறியிருக்கும், திறந்தால் கோளாறாக இருக்கும். பைனரி என்ற கட்டளையை முதலில் கொடுத்துவிட்டு அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. அச்சகத்தில் பிளேட் போட்ட பிறகு தெரியவரும் தவறு என்பதால்தான் இதை இத்தனை விரிவாகச் சொல்கிறேன்.

இனி என் மனத்தாங்கல். 2020-இல் குரோம் 81-ஆம் பதிப்பில் எஃப்டிபியை நிறுத்தத் தொடங்கியது. கொரோனா நெருக்கடியைக் காரணம் காட்டி, ஏப்ரலில் அதை மறுபடி இயங்க வைத்தது. அந்த வேளையில் தகவல்களை எடுக்க முடியாமல் மக்கள் தவித்துவிடக் கூடாது என்ற எண்ணம் பாராட்டத்தக்கது. இன்னமும் அதை நம்பியிருப்பவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்பது குரோமைத் தயாரிப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கும் அதுவே சான்று. அப்படித் தெரிந்திருந்தும், இறுதியாக எடுத்தபோது சாதாரணப் பயனருக்குச் சொல்லப்பட்டது மிகவும் குறைவு. அறிவிப்புகள் எல்லாம் நிரலாளர்கள் படிக்கும் பக்கங்களில் ஆங்கிலத்தில் இருந்தன. முகவரியை இட்டவருக்கு, இந்த வசதி இனி இங்கே இல்லை, இன்னின்ன மென்பொருளில் திறக்கலாம் என்று அவருடைய மொழியில் இரண்டு வரி காட்டியிருந்தால் போதும். உலாவியில் ஏதோ பழுது என்று நினைத்து யாரும் அதை நீக்கியிருக்க மாட்டார்கள், தங்கள் பத்திரிகைக்கு அந்தக் கடிதமும் வந்திருக்காது.

உலாவிகளை விடவும் பொறுப்பு கூடுதலாக உள்ளவர்கள், எஃப்டிபி சர்வரை நடத்துகிறவர்கள். லினக்ஸ் உலகில் பெயர்பெற்ற டெபியன் அமைப்பு, தன் பொது எஃப்டிபி சேவையை 2017 நவம்பர் 1 அன்று நிறுத்தப்போவதாக அதே ஆண்டு ஏப்ரலிலேயே அறிவித்து, எந்த வழியாக இனி எடுக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னது. சர்வர் நடத்துபவர் நடந்துகொள்ள வேண்டிய முறை அதுதான். நம் பக்கத்திலோ, அச்சகங்களும் விளம்பர நிறுவனங்களும் சில அலுவலகங்களும் தங்கள் விண்ணப்பங்களிலும் விலைப்பட்டியலிலும் பழைய எஃப்டிபி முகவரியை அப்படியே அச்சிட்டுக்கொண்டிருக்கின்றன. எங்களுக்குத் திறக்கவில்லையே என்று கேட்டால், உங்கள் கணினியைச் சரிபாருங்கள் என்று பதில் வருகிறது. நான் அறிந்த சில இடங்களில் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். உள்ளே நுழைந்தால் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, யாருடைய கைபேசி எண் என்று எல்லாவற்றையும் எல்லோரும் பார்க்கலாம். வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த விவரங்களை இப்படிப் பொதுவில் வைப்பதை நான் அலட்சியம் என்றுதான் சொல்வேன்.

இதைச் சரிசெய்ய அவர்களுக்குப் பெரிய செலவு இல்லை. அதே சர்வரில் எஸ்எஃப்டிபியை இயக்கி, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிக் கோப்புறையும் தனிக் கடவுச்சொல்லும் கொடுக்கலாம். அதைவிட எளிது, எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்யப்பட்ட வலைத்தள முறை) வழியாகக் கோப்பை ஏற்றும் ஒரு பக்கத்தை வைத்துவிடுவது. அப்போது எங்களைப் போன்றவர்கள் எந்தப் புதிய மென்பொருளும் இல்லாமல், புதுப்பித்த உலாவியிலேயே, இழந்த அதே சௌகரியத்தோடு கோப்பை இழுத்துப் போடலாம். அதற்கான பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு பல ஆண்டுகளாக இலவசமாகவே தருகிறது. நெக்ஸ்ட்கிளவுட் போன்ற திறந்த மூல மென்பொருளைத் தங்கள் சர்வரிலேயே நிறுவியும் இதைச் செய்யலாம்.

கூகுள் டிரைவிலோ வேறு ஏதாவது தளத்திலோ போட்டு அனுப்பினால் ஆயிற்று, இதற்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சிறிய வேலைகளுக்கு நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் பெரிய கோப்பு அனுப்ப இந்தியாவில் பலர் பயன்படுத்திய வீடிரான்ஸ்ஃபர் தளத்தை முடக்கும்படி 2020 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டபோது, ஊரடங்கின் நடுவே அதை நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. டிரைவின் இலவச இடமான 15 ஜிபியோ, மின்னஞ்சலோடும் படங்களோடும் பங்கு போட்டுக்கொண்டது. நிரந்தரமாகக் கொடுக்கல் வாங்கல் உள்ள இரண்டு தொழில்களுக்கு நடுவே, தங்களுக்கென்று ஒரு நேர்வழி இருப்பதில்தான் எனக்கு நம்பிக்கை.

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டி மாதிரி ஆல்பங்கள் வெளியாகும். அதற்குப் பிறகு தீபாவளி வரை, பிறகு புத்தாண்டு வரை, இங்கிருந்து கோப்புகள் போய்க்கொண்டேதான் இருக்கும். அதற்கு முன்பாக அங்குள்ள அச்சக உரிமையாளர்கள் தங்கள் விலைப்பட்டியலில் உள்ள பழைய முகவரியை நீக்கிவிட்டுப் புதிய முகவரியையும் அதில் இணையும் முறையையும் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால், ஆல்பத்தோடு சேர்த்தே அது பெங்களூரில் உள்ள ஒவ்வொரு முகவரின் கைக்கும் வந்துவிடும். தங்கள் நாளிதழ் சிவகாசியிலும் படிக்கப்படுவதால் இதை இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிடிபி தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு.